வட்ஸ்அப்பில் வந்த தீர்ப்பு எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் செல்லுமா?

கேள்வி: மகள் முதலாம் வகுப்புப் படிக்கிறாள். போன கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த படக்கதையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மா. "எனக்கு ஏன் ஒரு அம்மா மட்டும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படியான புத்தகங்களைத் தடை செய்துவிட்டது, பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே எடுக்கலாம் என்று வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அதைக் காட்டி அதிபருக்குக் கடிதம் கொடுக்கலாமா? நாங்கள் சைவர்கள்.
ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: கடிதம் தாராளமாகக் கொடுங்கள். அந்தத் தகவலை மட்டும் அதோடு இணைக்காதீர்கள். அதில் பாதி பிழை, மற்றப் பாதி வேறு நாட்டுச் சட்டம்.

மேரிலாண்ட் மாநிலத்தின் மொன்ட்கொமரி கவுண்டியில் 2022-இல் இப்படியான சில கதைப் புத்தகங்களை ஆரம்ப வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் விரும்பாத பெற்றோருக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2023-இல் அதை நிறுத்தினார்கள். முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவர்கள் பக்கம் நின்றது: வழக்கு முடியும்வரை, புத்தகத்தை வாசிக்கமுதல் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும், கேட்டால் பிள்ளையை வெளியே விட வேண்டும். இவ்வளவுதான். ஒரு புத்தகத்தைக்கூட அலுமாரியிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு ஒன்ராறியோவைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

இங்கே கனடாவில் கதை வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரே நகரில் 1997-இல் ஒரு பாலர் வகுப்பு ஆசிரியர் மூன்று சிறுவர் புத்தகங்களுக்கு அனுமதி கேட்டார். கல்விச் சபை மறுத்தது. அதில் ஒன்றின் நாயகி ஆஷா. சுற்றுலாப் படிவத்தில் இரண்டு அம்மாவின் பெயரும் இருக்கிறது. 'சரியாக நிரப்பிக்கொண்டு வா' என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கதையின் சிக்கலே அந்தப் படிவம்தான்.

வழக்கு கனடா உச்ச நீதிமன்றம்வரை போனது. 2002 டிசம்பரில் ஏழுக்கு இரண்டு என்று சபை தோற்றது. பெற்றோர் தங்கள் மதத்தை வைத்துப் பேசுவதில் பிழையில்லை; ஆனால் ஒரு பகுதியினரின் மத நோக்கை வைத்து இன்னொரு வகைக் குடும்பத்தையே வகுப்பறைக்கு வெளியே நிறுத்த முடியாது என்றார் தலைமை நீதிபதி மக்லக்லின். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்றால் பிள்ளை குழம்பாதா என்ற கேள்விக்கு அவர் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்தது: தனக்கு விலக்கப்பட்ட சாப்பாட்டை வகுப்புத் தோழன் மதிய வேளையில் சாப்பிடுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? உங்கள் மகள் மரக்கறிச் சாப்பாடு கொண்டுபோகிறவள் என்றால், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் டப்பாவில் மச்சம் இருப்பதை அவள் எப்போதோ பார்த்திருப்பாள்.

சரி, புத்தகம் இருக்கட்டும், என் பிள்ளைக்கு மட்டும் விலக்குத் தாருங்கள் என்று கேட்கலாமா? ஹமில்ரனில் ஒரு கிரேக்க ஓர்தடொக்ஸ் தகப்பன் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார். தன் மதத்துக்கு ஒவ்வாத விடயம் வகுப்பில் வரமுதல் தனக்கு அறிவிக்க வேண்டும் என்றார். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் அவருடைய மனுவைத் தள்ளியது. தன் மத சுதந்திரம் உண்மையில் பாதிக்கப்பட்டது என்று அவர் ஆதாரத்தோடு காட்டவில்லை. வேறு கருத்தைக் கேட்க நேர்ந்தது என்பது மட்டும் பாதிப்பு ஆகாது என்பதை கியூபெக் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லியிருந்தது.

உங்களுக்கு நிச்சயமாக இருக்கிற உரிமை ஒன்று உண்டு. 2019-இலிருந்து, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை, சுகாதாரப் பாடத்தில் வரும் 'மனித வளர்ச்சியும் பாலியல் சுகாதாரமும்' என்ற பகுதியிலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். பாடம் தொடங்கமுதல் பள்ளிக்கூடமே அறிவித்தல் அனுப்பும். அதோடு வரும் படிவத்தில் கையொப்பமிட்டுத் திருப்பினால் போதும், காரணம் எழுதத் தேவையில்லை. பிள்ளையின் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் தாள்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம், தேடிப் பாருங்கள். ஆனால் அந்த விலக்கு அந்தப் பகுதிக்கு மட்டும். வாசிப்பு நேரத்துக் கதையோ, ஒரு பிள்ளை 'என்ர ரெண்டு அம்மாவும் வந்தவை' என்று சொல்வதோ அதற்குள் வராது.

இன்னொன்று. எங்கள் ஆட்களின் கடிதங்களில் எல்லாம் "இது எங்கள் கலாசாரம் இல்லை" என்ற வரி இருக்கும். கனடாவின் உரிமைச் சாசனம் காப்பது மதத்தையும் மனச்சாட்சியையும். கலாசாரம் என்று எழுதியதுமே வாதத்தில் பாதியைக் கைவிட்டுவிடுகிறீர்கள். தேவாரத்தில் ஆதாரம் காட்டச் சொல்லி எந்த நீதிபதியும் கேட்கமாட்டார். நம்பிக்கை உண்மையானதா என்றுதான் பார்ப்பார். அதை உங்கள் சொந்த வார்த்தையில், இணையத்திலிருந்து வெட்டி ஒட்டாமல் எழுதுங்கள்.

வழக்குப் போடலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம். இதற்குச் சட்டத்தரணியான என்னிடம் காசு தந்தால் அது வீண்காசு. மற்றப் பக்கத்து ஆட்களும் என்னிடம் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு சோடி இரண்டு தாய்மார், ஒருவர் எங்கள் ஊர்க்காரி. 2017-இலிருந்து ஒன்ராறியோ சட்டத்தில் இரண்டு பேருமே அந்தப் பிள்ளையின் பெற்றோர். மகனின் பள்ளிப் படிவத்தில் 'தகப்பன் பெயர்' என்ற கோட்டில் என்ன எழுதுவது என்று கேட்கத்தான் வந்தார்கள். உங்கள் மகளின் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் கடிதம் அதன் வீட்டைப் பற்றியும்தான்.

ஆகவே கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் வையுங்கள். புத்தகத்தை அகற்றச் சொல்லாதீர்கள். அது நடக்காது, அதிபர் அடுத்த வரியை வாசிக்கவும் மாட்டார். வகுப்பில் என்ன வாசிக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறோம், ஆசிரியையோடு கால்மணி நேரம் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். அதைத் தரப் பெரும்பாலான அதிபர்கள் மறுப்பதில்லை. போகமுதல் அந்தப் படக்கதையை நீங்களும் ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். வரைவை அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். வட்ஸ்அப் தகவல் வேண்டாம், அது எனக்கும் ஏற்கெனவே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள்.