டைனமோ, பெல்ட், பேட்டரி: கேள்வி-பதில்

கே: புது பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் அடிப்பதில்லை. டைனமோவை மாற்றிவிடலாமா?

இன்ஜின் பெல்ட்டில் சுழலும் டைனமோதான் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறது; ஆனாலும் அளக்காமல் மாற்றாதீர்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, இரவெல்லாம் நின்ற வண்டியின் பேட்டரியைப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி புளோயர் இரண்டையும் போட்டு, 2000 ஆர்பிஎம்மில் அளங்கள். 13.5 முதல் 14.7 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 15ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, பேட்டரியைக் கொதிக்கவைத்துவிடும். புதிய கார்கள் சிலவற்றில் சார்ஜிங்கை இசியூவே (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கூட்டிக் குறைக்கும் என்பதால், இப்படி லோடு போடாமல் அளந்த எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

குறைவாகக் காட்டினாலும் உடனே டைனமோவைக் கழற்ற வேண்டாம். அதே லோடில், டைனமோவின் பின்புறம் தடித்த வயர் மாட்டிய போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே அளங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயர், நட்டு, பெரிய ஃபியூஸ் இவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு. டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2க்கு மேல் போனால் எர்த் வயர். துருப்பிடித்த ஓர் எர்த் வயருக்காக நல்ல டைனமோவைத் தூக்கிப்போடுவது வீண் செலவு.

சார்ஜ் சரியாக ஏறியும் இரண்டு நாளில் இறங்கினால், நிற்கும்போது கரண்ட் கசிகிறது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து அந்தக் கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே தொடரில் இணையுங்கள். இணைக்கும்போது வண்டியின் எலக்ட்ரானிக் மாட்யூல்கள் விழித்துக்கொள்ளும், எண் இறங்கும்வரை பொறுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் சரி. கூடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தும் குறையவில்லையா? பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு டைனமோவின் தடித்த வயரை எடுத்து, முனையை டேப் சுற்றி மறுபடி அளங்கள். இப்போது குறைந்தால், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டைனமோ டயோடு போயிருக்கிறது. மீட்டர் தொடரில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

கே: காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கீச்சிடுகிறது. ஸ்பிரே அடிக்கலாமா?

வேண்டாம். அது சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், தூசியை ஒட்டவைக்கும். ஐடிலில் பெல்ட்டின் வரிப்பக்கம் சிறிது தண்ணீர் தெளியுங்கள்; கை, துணி எதுவும் அருகில் போகக்கூடாது. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: டென்ஷன் போதவில்லை, அல்லது வரிகள் தேய்ந்துவிட்டன. சில நொடி நின்று திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை.

விரிசல் இல்லை என்பதால் பெல்ட் நல்லது என்று நம்பாதீர்கள். இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் விரிசல் விடாமலே தேய்ந்துபோகும். பெல்ட்டைக் கழற்றும்போது, அதற்கு வழிகாட்டும் ஐட்லர், அதை இறுக்கும் டென்ஷனர் புல்லிகளைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போயிற்று. ஆயிலோ கூலண்ட்டோ கசிந்தால் முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெடும்.

கே: ஓட்டும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் ஓட்டலாமா?

கூடவே டெம்பரேச்சர் ஏறினாலோ, ஸ்டீயரிங் திடீரெனக் கனத்தாலோ உடனே ஓரங்கட்டி அணையுங்கள். பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. வேறு அறிகுறி இல்லையென்றால் ஏசியை அணைத்து, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை போகலாம். நடுவில் இன்ஜினை அணைக்காதீர்கள். அங்கே டைனமோவைச் சோதிக்க ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வந்தால் கண்டிப்பாகத் தடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இசியூவையே எரித்துவிடக்கூடும்.

கே: டீசல் காரை அணைக்கும்போது மட்டும் கடகடவென்று சத்தம். ஏன்?

டைனமோவில் ஒருவழிப் புல்லி இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பெல்ட்டைக் கழற்றிச் சுற்றினால் ஒரு பக்கம் தனியே சுழல வேண்டும், மறுபக்கம் டைனமோ உள்ளே சுழலும் ரோட்டரையும் சேர்த்து இழுக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் புல்லியை மட்டும் மாற்றினால் போதும். சாதாரண புல்லி போட்டு ஒப்பேற்றினால் அதிர்வு டென்ஷனரைத் தின்றுவிடும்.

கே: பெல்ட்டில் 6பிகே1750 என்று இருக்கிறது. 1760 போடலாமா?

6 வரி, 1750 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். கையால் டைட் செய்யும் வகையில் 10 மில்லிமீட்டர் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆட்டோ டென்ஷனர் உள்ள வண்டியில் அதே எண்ணையே வாங்குங்கள்.