கூனோ கையெழுத்து என்று விற்றார்கள், லென்ஸில் பார்த்தால் அச்சு

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். மேற்கத்திய இசையமைப்பாளர்களின் கையெழுத்துத் தாள்களைச் சேர்ப்பதில் ஆசை. ஒன்றரை வருஷத்துக்கு முன், இங்கே ஒரு பழம்பொருள் கடையில், பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டது என்று சொல்லி ‘ஆவே மரியா’ தாள் ஒன்றை 85,000 ரூபாய்க்கு விற்றார்கள். போன மாதம் பிரேம் மாற்றும்போது, விவரம் தெரிந்த ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அச்சு நகல் என்கிறார். கடைக்காரர், “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறதே” என்கிறார். போலீசுக்குப் போகவா? தாளைப் பாரிசுக்கு அனுப்பிச் சோதிக்கவா? புதுச்சேரி என்பதால் பிரெஞ்சுச் சட்டம் வருமோ?

பதில்: அம்மா, பாரிசுக்கு மட்டும் இப்போது அனுப்பிவிடாதீர்கள். கூனோ இறந்தது 1893இல். தாள் அசல் என்றால் அதற்கு வயது 130க்கு மேல். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்போ கலை மதிப்போ உள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 வயது ஆனாலே அது தொல்பொருள். எழுதியவர் பிரெஞ்சுக்காரர் என்பது விலக்கு ஆகாது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. அச்சு நகல்தான் என்றாலும் நூறு வயதைத் தாண்டியிருந்தால் அதே சிக்கல் வரலாம். போலி என்று ஆகிவிட்டால் உங்கள் வழக்கின் முக்கியச் சாட்சி கடல் தாண்டிப் போயிருக்கும். நல்ல ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள், போதும்.

நீங்கள் அனுப்பிய நெருக்கப் படத்தைப் பார்த்தேன். ஐந்து கோடுகளும், அவற்றின் மேல் ஏறும் சுரக் குறிகளும், கையெழுத்தும் ஒரே கறுப்பு. பேனாவால் எழுதியிருந்தால் மை கோட்டைக் கடக்கும் இடம் சற்று அடர்ந்திருக்கும், பழைய மை பழுப்பேறியும் இருக்கும். சந்தேகம் நியாயமானதே. ஆனால் என் கண் சாட்சியாகாது. வழக்குப் போட்டால் நுகர்வோர் ஆணையமே தாளைச் சோதனைக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வழக்கின் உயிர் பில்லில் இருக்கும் சொற்கள்தான். ‘கூனோ கையெழுத்துப் பிரதி’ என்று எழுதியிருந்தால், சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவுப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்தியே ஆக வேண்டும். “எனக்கும் தெரியாதுங்க” என்று கடைக்காரர் சொன்னாலும் நிற்காது. ‘பழைய இசைத்தாள் 1’ என்று மட்டும் போட்டிருந்தால் (இப்படிப் போடுகிறவர்கள் விவரமாகத்தான் போடுகிறார்கள்) வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்திகளைத் தேடுங்கள். அவற்றை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பிரிண்ட் அவுட் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கு உறுதிசொல்லும் தாள்) கூடவே வேண்டும்.

‘திரும்பப் பெறப்படாது’ என்ற வரிக்குப் பயப்படாதீர்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். ரப்பர் ஸ்டாம்ப் அதைக் கழுவிவிடாது. நீங்கள் சேகரிப்புக்காக வாங்கியவர் என்பதால் நுகர்வோர்தான். லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கினேன் என்று எங்கேயாவது எழுதிவைத்திருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

மனுப் போடக் கெடு இரண்டு வருஷம். போலி என்று தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நாம் வாதாடலாம். கடைக்காரர் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவார். அந்தச் சண்டையே வேண்டாம். மிச்சமிருக்கும் ஆறு மாதத்துக்குள் புதுச்சேரி மாவட்ட ஆணையத்தில் மனுவைப் போட்டுவிடுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

போலீஸ் விஷயம் வேறு. மோசடி என்றால் விற்கும்போதே அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இதே நகலை இன்னொருவருக்கும் அசல் என்று விற்றிருக்கிறார் எனத் தெரிந்தால் உடனே புகார் கொடுங்கள். இல்லையென்றால் ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

புதுச்சேரி என்பதால் பிரெஞ்சுச் சட்டம் வருமோ என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அது இங்கே சில குடும்பங்களின் திருமண, வாரிசு விவகாரங்களோடு சரி. கடை வியாபாரத்துக்கு இந்தியச் சட்டம்தான். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பணம் வந்து, ரசீதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடும்வரை தாளை அவர் கையில் கொடுக்காதீர்கள்.