மான் காடும் லேத் பட்டறையும் அடுத்தடுத்து: கிண்டியில் நிலம் எப்படிப் பங்காகியிருக்கிறது?

கேள்வி: வீடு, தொழிற்சாலை, அலுவலகம், கல்லூரி எல்லாம் கலந்து கிடக்கும் ஒரு நகரப் பகுதியில் நிலம் உண்மையில் எப்படிப் பயன்படுகிறது? எதற்கு எந்த இடம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

சென்னை கிண்டியை வைத்தே சொல்கிறேன். அங்கே தொழிற்பேட்டைப் பக்கம் பல வருடமாக வேலை பார்ப்பதால் தெரு தெருவாகத் தெரிந்த இடம்.

மாஸ்டர் பிளானில் வண்ணம் அடித்துப் பிரித்திருப்பார்களே, குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம் என்று, அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். கிண்டியில் அப்படி இல்லை. சென்னையின் முதல் மாஸ்டர் பிளானே 1975-ல்தான் வந்தது. அதற்குள் கிண்டியின் பெரிய நிலங்கள் எல்லாம் கைமாறி முடிந்துவிட்டன. நிலம் முதலில் யார் கையில் இருந்தது, அவர்கள் அதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைக்கும் நாம் பார்க்கிற கிண்டி.

ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1821-ல் ஒரு வெள்ளைக்காரரின் எஸ்டேட்டை அரசு வாங்கியது. அதுவே பிறகு கவர்னரின் கிண்டி மாளிகையும் அதைச் சுற்றிய காடும் ஆனது. அந்தப் புதர்க்காடு ஒரு காலத்தில் 500 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 1958-ல் அதிலிருந்து ஒரு பெரிய பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது. அப்புறம் சிறுவர் பூங்கா, காந்தி மண்டபத்தை ஒட்டி ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவகங்கள் என்று துண்டு துண்டாகப் பிரிந்தது. மிஞ்சிய சுமார் 270 ஹெக்டேர்தான் 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமானும் வெளிமானும் இன்னும் மேய்கின்றன என்றால், அந்த நிலம் நல்லவேளையாகக் கடைசி வரை அரசு கையிலேயே இருந்ததால்தான்.

மேற்கே இன்னொரு கதை. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது, 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. இன்றைக்குத் திரு.வி.க. தொழிற்பேட்டை. சுமார் 400 ஏக்கர். சிறு தொழில் செய்பவனுக்கு நிலம், ஷெட், கரண்ட், ரோடு எல்லாவற்றையும் அரசே ஏற்பாடு செய்து கொடுக்கும் யோசனை அது. இரண்டு தலைமுறை ஃபிட்டர்களும் டர்னர்களும் தொழில் கற்றுக்கொண்டது இங்கேதான்.

இந்தப் பேட்டை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் நிலத்தின் அருமை புரியும். ஒரு பம்ப் கம்பெனிக்கு பத்து ஷாஃப்ட், அதாவது பம்புக்குள் சுழலும் தண்டு, வேண்டும் என்று வையுங்கள். ஒரு பட்டறையில் லேத்தில் (கடைசல் மெஷினில்) கடைந்து எடுப்பார்கள். தண்டில் கீவே என்கிற காடியை வெட்ட அடுத்த தெரு மில்லிங் பட்டறைக்குப் போகும். சூடாக்கிக் கடினமாக்கும் ஹார்டனிங்குக்கு ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு பர்னஸ்காரர். திரும்பி வந்து கிரைண்டிங். எல்லாம் ஒரு மொபெட்டின் முன்பக்கத்தில் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு நடக்கிற வேலை. காலையில் வந்த ஆர்டர் சாயங்காலம் பில் ஆகிவிடும். நடுவில் ஒரே ஒரு பட்டறை இடத்தைக் காலி செய்துவிட்டுப் புறநகர்த் திருமுடிவாக்கம் போய்விட்டால் போதும், அதே வேலைக்கு இரண்டு நாள் ஆகும், டெம்போ வாடகையும் சேரும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதே இவர்களுடைய மூலதனம்.

ஆனாலும் ஒவ்வொன்றாகக் காலி ஆகிறது. காரணம் எளிய கணக்கு. லேத்தும் பிரஸ்ஸும் கனமான மெஷின்கள், தரையில்தான் நிற்கும். ஆகவே பட்டறை பெரும்பாலும் ஒற்றை மாடி. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடத்துக்கே மனையைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். அடுக்குமாடி உயரக் கட்டடமென்றால் 3.25 மடங்கு. அகலமான ரோடு இருந்தால் பணம் கட்டி இன்னும் கூட்டிக்கொள்ளலாம். தொழில் மண்டலத்தில் ஐ.டி. அலுவலகத்துக்கும் அனுமதி உண்டு. பக்கத்திலேயே மெட்ரோ வேறு வந்துவிட்டது. அதே மனையில் மாடி மாடியாக வாடகை வரும்போது, ஒற்றை மாடி பட்டறையால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? வரைபடத்தில் நிறம் மாறாமலே நிலத்தின் வேலை மாறிவிடுகிறது. இதைத்தான் நான் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன். அலுவலகத்தை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், கூடி நிற்கிற பட்டறைகளை இன்னொரு இடத்தில் அப்படியே நட்டு வைக்க முடியாது.

வீடுகள்? இந்தப் பெரிய துண்டுகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மடுவின்கரை, லேபர் காலனி, ஈக்காட்டுத்தாங்கல் என்று. கீழே கடை, மேலே வீடு, மொட்டை மாடியில் பேச்சிலர் ரூம். வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இங்கே வாடகை கொடுக்க முடியாமல் தாம்பரம், செங்கல்பட்டு ரயிலில்தான் வந்து இறங்குகிறார்கள். காலை எட்டரைக்கு கிண்டி ரயில் நிலையப் படிக்கட்டில் நின்று பார்த்தால் இது யாரும் சொல்லாமலே புரியும்.

இரண்டாவது மாஸ்டர் பிளானுக்காக எடுத்த 2006 கணக்கின்படி, அப்போதைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 54 சதவீதம் குடியிருப்பு, 18 சதவீதம் கல்வி, அரசு போன்ற நிறுவனங்கள், 7 சதவீதம் வணிகம், 5 சதவீதம் தொழில். திறந்தவெளியும் பொழுதுபோக்கும் வெறும் 2 சதவீதம். கிண்டியில் நிறுவனங்களின் பங்கு கண்ணுக்கே தெரியும்: ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், நோய்த்தடுப்பு மருத்துவத்துக்கான கிங் இன்ஸ்டிட்யூட், கவர்னர் மாளிகை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நகரத்திலேயே பச்சை அதிகமான பகுதிகளில் ஒன்று கிண்டி, ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி மதிலுக்குப் பின்னால். காட்டுக்கு மதில் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மற்றவற்றில் மக்களுக்கு நடக்கவாவது ஒரு பாதை கேட்பது நியாயம்தான்.

அதனால்தான் கிண்டி ரேஸ் கோர்ஸ் (குதிரைப் பந்தய மைதானம்) விஷயம் முக்கியம். 160 ஏக்கர், மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு அரசு 1946-ல் எழுதிக் கொடுத்த 99 ஆண்டு குத்தகை. வாடகை பாக்கி வழக்கு நீண்டு, 2024-ல் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. அங்கே மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டவும், பெரும்பகுதியைப் பூங்காவாக்கவும் முடிவெடுத்தார்கள். இது வெறும் அழகு வேலை இல்லை. அந்தப் பக்கத்து மழைத்தண்ணீர் வேளச்சேரி ஏரியை நோக்கித்தான் இறங்குகிறது. அந்த ஏரியோ வீடும் ரோடுமாகி, பழைய பரப்பில் கால்வாசிகூட மிச்சமில்லை. மேலே ஒரு குளம் பிடித்துவைக்கிற தண்ணீர் கீழே யாரோ ஒருவர் வீட்டு ஹாலுக்குள் வராமல் போகும். வடக்கே அடையாறு 2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளை மூழ்கடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஊறிய மோட்டார்களைச் சேறோடு வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள் தெரு முழுக்க.

உங்கள் பகுதிக்கும் இப்படிப் பார்க்க விரும்பினால், முதலில் மாஸ்டர் பிளான் நிறத்தைப் பார்க்காதீர்கள். பழைய சர்வே மேப்பில் எது ஏரி, எது புறம்போக்கு, எது ஒரே ஆளின் பெரிய மனை என்று பாருங்கள். அப்புறம் மாஸ்டர் பிளான் போடும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு இன்றைய வகைப்பாட்டைப் பாருங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் ஏதோ நடந்திருக்கும், அல்லது நடக்கப் போகிறது. நிலப் பயன்பாட்டை மாற்ற யாராவது விண்ணப்பித்தால் பொது அறிவிப்பு வரும், ஆட்சேபம் தெரிவிக்க அவகாசமும் தருவார்கள். அந்த அறிவிப்பைப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. பக்கத்து சர்வே எண்ணாக இருந்தால் தயவுசெய்து ஒரு கடிதமாவது எழுதிப் போடுங்கள்.