‘பேர் தெரியும் சிஸ்டர்’: வளரிளம் பருவமும் கருத்தடையும் (கேள்வி பதில்)

கிராம சுகாதார செவிலியராக 24 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பதின்ம வயதும் கருத்தடையும் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கருத்தடை பற்றிக் கேள்விப்படாதவர்களே அநேகமாக இல்லை என்கிறது சர்வே. அப்புறம் ஏன் பதின்ம வயதுக் கர்ப்பம்? (சமூகப்பணி மாணவி, மதுரை)

சர்வேயில் கேட்பது ‘கேள்விப்பட்டிருக்கிறீர்களா’ என்றுதானே! பேர் தெரிவது வேறு, பயன்படுத்தத் தெரிவது வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் அதற்குள் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள்.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். 19 வயது, புதுசாகக் கல்யாணமானவள். கணவருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். மாலா-என் கருத்தடை மாத்திரை வாங்கிப் போனவள், மூன்றாம் மாதம் நாள் தள்ளிப்போய் வந்து நின்றாள். “தவறாமல் போட்டேன் சிஸ்டர்” என்று அட்டையை நீட்டினாள். அங்கங்கே இரண்டிரண்டு குழி காலி. அவர் வருகிற நாளில் மட்டும் போட்டிருக்கிறாள்! 28 மாத்திரையையும் வரிசையாக, தினமும் ஒன்று போட வேண்டும். கடைசி ஏழு இரும்புச்சத்து. இதை அவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? அட்டையைக் கொடுத்த நான்தான். கொடுத்த அன்று புதன்கிழமை, தடுப்பூசிக் கூட்டம். “அட்டையில் போட்டிருக்கிறபடி சாப்பிடும்மா” என்று அனுப்பிவிட்டேன்.

இதையெல்லாம் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். (ஆசிரியர், விழுப்புரம்)

புதுசில்லை சார். 2007-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் இதே காரணம் சொல்லி நிறுத்தின. ஆனால் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்றே சொல்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. வகுப்பு நடத்தினால் அறிவு கூடுவது நிச்சயம். பழக்கம் அவ்வளவு சுலபமாக மாறாது. ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்க வேண்டும், போய்க் கேட்க ஓர் இடமும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் ‘இனப்பெருக்க நலன்’ பாடம் இருக்கிறது. அதையும் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படி இல்லை என்று நம்புகிறேன். சீக்கிரம் கல்யாணமாகிறவள் பெரும்பாலும் பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பாடம் அவள் கைக்கு வருவதே இல்லை.

முதல் குழந்தைக்கு முன்னால் மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்கிறார் மாமியார். (வயது 19, தருமபுரி)

கெடாதும்மா. மாத்திரையை நிறுத்தினால், கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர்-டியை எடுத்தால், கரு தரிக்கும் தன்மை சீக்கிரமே திரும்பிவிடும். அந்தரா என்கிற கருத்தடை ஊசிக்கு மட்டும் சில மாதங்கள் தாமதமாகலாம். மாமியாரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருத்தடை என்றாலே ரெண்டு பிள்ளைக்குப் பிறகு ஆபரேஷன்தான். குழந்தையைத் தள்ளிப்போடும் முறைகளை அவர்கள் தொட்டதே இல்லை, மருமகளுக்கு எங்கிருந்து சொல்லித்தருவார்கள்?

அவசர மாத்திரை கருக்கலைப்பு மாத்திரையா?

இல்லை. முக்கியமாக, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தரித்த கருவை ஒன்றும் செய்யாது. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாதாமாதம் போடுகிற மாத்திரை அல்ல. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-லேயே மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் இங்கே பல மருந்துக்கடைகளில் வைப்பதே இல்லை. எல்லாம் தெரிந்த பெண்ணும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

17 வயது மகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரி போனால் போலீஸ் வருமா? (ஒரு தாய்)

உடனே கூட்டிப்போங்கள் அம்மா, நாள் கடத்தாதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் நீங்களும் மகளும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்கிற மருத்துவர் அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டு வைத்தியமோ கடை மாத்திரையோ வேண்டவே வேண்டாம்.

ஆணுறையைப் பர்ஸில் வைத்திருக்கலாமா? கடையில் கேட்கவும் கூச்சம். (வயது 19, கல்லூரி மாணவர்)

பர்ஸில் வேண்டாம் தம்பி, சூட்டிலும் உரசலிலும் வீணாகிவிடும். தேதி பார்த்து வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் பட்டால் கிழியும். ரெண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. கருத்தடை முறைகளில் எச்.ஐ.வி., பால்வினை நோய்களையும் தடுப்பது ஆணுறை போன்ற உறைகள்தான். கூச்சமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நிரோத் ஆணுறை அங்கே இலவசம்.