பைபிளில் உள்ள காதல் பாட்டான உன்னதப்பாட்டில் காதலியின் கூந்தலை ஆட்டுமந்தைக்கு ஒப்பிடுகிறார்களே, இதில் என்ன அழகு?

4ஆம் அதிகாரத்தைப் படித்த பலருக்கும் வரும் கேள்விதான் இது. கூந்தல் கீலேயாத் மலையில் இறங்கும் வெள்ளாட்டு மந்தை, பற்கள் மயிர் கத்தரித்த ஆடுகள், கழுத்து தாவீதின் கோபுரம். வரைந்து பார்த்தால் விகாரமாகத்தான் இருக்கும். இந்தக் கவிஞர் உருவத்தை மட்டும் ஒப்பிடவில்லை, அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கிறார். கீலேயாத் யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள மலைநாடு. அந்தப் பக்கத்து வெள்ளாடுகள் பெரும்பாலும் கறுப்பு. சரிவில் மந்தை இறங்கும்போது மலையே அலையலையாக அசைவதுபோல் தெரியும். அவள் கூந்தல் அசைவதைத்தான் அவன் சொல்கிறான். பற்கள் குளித்துக் கரையேறும் ஆடுகள். எல்லாம் இரட்டைக்குட்டி ஈன்றவை, ஒன்றுகூட மலடில்லை. அதாவது பளிச்சென்ற வெண்மை, மேலும் கீழும் ஜோடி ஜோடியாக, ஒரு பல்கூடக் குறையாமல். மேய்ச்சலை நம்பி வாழும் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு ஏது?

அவளும் அவனைப் பாடுகிறாள். எங்கேதியில் பூக்கும் மருதோன்றிக் கொத்து என்கிறாள். எங்கேதி சவக்கடலின் மேற்குக் கரையில் இருக்கும் ஊற்று. சுற்றிலும் உப்பும் வறண்ட பாறையும், நடுவே அந்த ஒரு பச்சை. இடம் தெரிந்தால் உவமை தானாக விளங்கிவிடும்.

ஆனால் தனித்தனி உவமைகளைவிட என்னை மிகவும் ஈர்ப்பது, பாட்டு முழுக்கக் கூடவே வரும் தோட்டம். முதல் அதிகாரத்திலேயே அவள் சொல்லிவிடுகிறாள்: அண்ணன் தம்பிகள் கோபித்துக்கொண்டு என்னைத் திராட்சத்தோட்டக் காவலுக்கு வைத்தார்கள், என் சொந்தத் தோட்டத்தையோ நான் காக்கவில்லை. அங்கேயே தோட்டம் என்பது அவளாகவும் ஆகிவிடுகிறது. 2ஆம் அதிகாரத்தில் தோட்டத்தைக் கெடுக்கும் குழிநரிகள் வருகின்றன. 4:12இல் அவன் அவளையே அடைக்கப்பட்ட தோட்டம், முத்திரையிட்ட கிணறு என்கிறான். உள்ளே நளதம், குங்குமப்பூ, இலவங்கம், வெள்ளைப்போளம் என்று வாசனைச் செடிகளும் மரங்களும். நளதம் இமயமலைச் சரிவில் விளைவது. அவ்வளவு தூரத்துச் சரக்கை அங்கே நட்டு வைத்திருக்கிறார் கவிஞர். அப்படி ஒரு தோட்டம் நிஜத்தில் எங்கும் இருந்திருக்காது.

அப்புறம் 4:16. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாடையே எழும்பு, தென்றலே வா, என் தோட்டத்தில் வீசு என்கிறாள். அடுத்த மூச்சிலேயே, என் நேசர் 'தம்முடைய' தோட்டத்துக்கு வரட்டும் என்கிறாள். ஒரே வசனத்துக்குள் 'என்' தோட்டம் 'அவருடைய' தோட்டமாகிவிடுகிறது. அடைத்துக்கிடந்ததை அவன் உடைக்கவில்லை, அவள் திறக்கிறாள். காதலில் சம்மதத்தை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன வரி எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

கடைசி அதிகாரத்தில் சாலொமோன் ராஜாவுக்குப் பாகால் ஆமோன் என்ற இடத்தில் ஒரு திராட்சத்தோட்டம் உண்டு. அதன் பலனுக்காகக் காவலர் ஒவ்வொருவரும் அவருக்கு ஆயிரம் வெள்ளிக்காசு கொடுக்க வேண்டும். அந்த ஆயிரத்தை நீரே வைத்துக்கொள்ளும், என் தோட்டம் என்னிடத்தில் இருக்கிறது என்று பதில் வருகிறது. அதைச் சொல்பவள் அவள்தான் என்றே நான் படிக்கிறேன். தோட்டத்தைக் காக்கவில்லை என்று தொடங்கியவள், ராஜாவிடமே இப்படிப் பேசும் இடத்துக்கு வந்துவிட்டாள்.

இது கடவுளைப் பற்றிய பாட்டு இல்லையா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. யூதர்கள் இதைக் கடவுளும் இஸ்ரவேலும் என்றும், கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவும் சபையும் என்றும் நெடுங்காலமாகப் படித்து வருகிறார்கள். வேதங்களிலேயே இதுதான் மகா பரிசுத்தம் என்றார் பழங்கால யூத குரு ரபி அகிபா. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துக் கிறிஸ்தவத் துறவி பெர்னார்டு இந்தப் பாட்டைப் பற்றி 86 பிரசங்கங்கள் எழுதியும் 3ஆம் அதிகாரத் தொடக்கத்தைத் தாண்டவில்லை. அந்த வாசிப்புக்கு வேதத்திலேயே அடிப்படை இருக்கிறது: பைபிளின் ஏசாயா புத்தகம் 5ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய திராட்சத்தோட்டம் இஸ்ரவேல் வம்சம்தான். ஆனாலும் முதலில் ஓர் ஆணும் பெண்ணும் பாடுவதாகப் படித்தால்தான் அந்த ஆன்மிக அர்த்தத்துக்கும் உயிர் வரும் என்பது என் எண்ணம்.

மொத்தமே 8 அதிகாரம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படிக்கும்போது அவன் பேசுகிறானா, அவள் பேசுகிறாளா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அவள் குரல்தான் அதிகம் வரும்.