உல்லன் நூல் கம்பளி இல்லை: ஃபெல்ட் ஓவியக் கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஆட்டுக் கம்பளியை ஊசியால் குத்திக் குத்திப் படம் செய்வது எனக்கு 11 வருடப் பழக்கம். மூடுபனி, தேயிலைச் சரிவு, எருமை, வயல், இவைதான் என் சரக்கு. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு விஷயம். ஃபேன்சி ஸ்டோரில் ‘உல்லன் நூல்’ என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக், கம்பளி இல்லை. ஊசியை நேராகக் குத்தி நேராக எடுங்கள். உள்ளே போன பிறகு சாய்த்தால் முறியும். இந்த இரண்டையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருச்சி: அக்கா, பசை இல்லை, தையல் இல்லை. கம்பளி எப்படி ஒட்டிக்கொள்கிறது?

சின்ன வயதில் புல் கதிரை மூடிய கைக்குள் வைத்து விளையாடியிருப்பீர்கள். விரலை அசைக்க அசைக்கக் கதிர் ஒரே பக்கமாக ஊர்ந்து போகும், திரும்பி வராது. கம்பளி இழையும் அப்படித்தான். அதன் மேல் மீன் செதில் போல அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்தே இருக்கும். இழைகளை அசைத்தால் ஒன்றுக்குள் ஒன்று போகும். வந்த வழியே திரும்ப முடியாது. இப்படிப் பின்னி இறுகிய கம்பளிதான் ஃபெல்ட். சுடுதண்ணீர், சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேர்த்து அசைப்பது ஈர ஃபெல்ட். ஓரத்தில் முள் வெட்டிய ஊசியால் குத்தி இறக்குவது ஊசி ஃபெல்ட். படத்துக்கு இரண்டாவதுதான் வசதி, ஏனென்றால் வைத்த நிறம் வைத்த இடத்தில் இருக்கும். ஈர முறையில் படம் மூன்றில் ஒரு பங்காவது சுருங்கும். நீங்கள் வைத்த மாடு கன்றுக்குட்டியாகிவிடும்.

விருதுநகர்: எந்த ஊசி வாங்குவது?

எண் கூடக் கூட ஊசி மெல்லியது. 36 அடித்தளத்துக்கு, 38 எல்லாவற்றுக்கும், 40 கண், கொம்பு, புல்நுனி போன்ற நுணுக்கத்துக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 38. முறியும் என்று தெரிந்தே நாலைந்தாக வாங்குங்கள்.

சேலம்: எங்கள் ஊர்ப் பக்கம் மெச்சேரி ஆடு நிறைய. அதன் முடியை வைத்துச் செய்யலாமா? காசு மிச்சமாகுமே.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முடியாது. ஆனால் ஏன் முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை கறிக்கான ஆடுகள். மெச்சேரி, சென்னைச் சிவப்பு, வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை எல்லாம் அப்படித்தான். வெயிலுக்கு ஏற்ற மாதிரி அவற்றின் உடம்பில் இருப்பது குட்டையான, நேரான, தடித்த முடி. கம்பளி இழைக்கு இருக்கும் சுருளும் எடுப்பான செதிலும் அதில் இல்லை. நாள் முழுக்கக் குத்தினாலும் விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். நான் ஒருமுறை ஒரு பை நிறைய வாங்கி வந்து, இரண்டு நாள் குத்தி, மூன்றாம் நாள் தலையணைக்குள் திணித்தேன். தலையணையும் உறுத்தியது.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆட்டில் கம்பளி உண்டு, ஆனால் முரடு. அடித்தளத்துக்கும் பாறைக்கும் ஆகும். மென்மையான கம்பளி என்றால் இங்கே நீலகிரி ஆடுதான். 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத் டவுன் என்ற வெளிநாட்டு ஆடுகள் கலந்து உருவான இனம். ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதைப் பாதுகாத்து வளர்க்கிறது. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் மையத்தில் பாரத் மெரினோ என்ற கம்பளி ஆட்டினம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு யோசனை. மெச்சேரி ஆட்டின் முடி வேண்டாம், ஆட்டையே செய்யுங்கள். அந்த இளம் பழுப்பு நிறம் கம்பளியில் அருமையாக வரும். வேம்பூர் ஆடு இன்னும் அழகு: வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள். சும்மாவா ‘பொட்டு ஆடு’ என்று பெயர் வைத்தார்கள்?

கடலூர்: உல்லன் நூலைப் பிரித்து உபயோகிக்கலாமா மேடம்?

மேலே சொன்னேன். ஒரு இழையைப் பற்றவைத்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் தேய்த்தால் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பிளாஸ்டிக்.

தஞ்சாவூர்: வயல் செய்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

ஒரே பச்சையை வைத்திருப்பீர்கள். தஞ்சாவூரில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா? நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். நட்டு ஒரு மாதம் ஆனால் கரும்பச்சை. கதிர் வந்துவிட்டால் நுனி மட்டும் வெளிறும். வாங்கிய பச்சையை அப்படியே வைக்கவே கூடாது. நாய்க்கு முடி வாரும் கம்பிச் சீப்பு இரண்டு வாங்குங்கள். ஒன்றில் பச்சை, கொஞ்சம் மஞ்சள், ஒரு சிட்டிகை ஆரஞ்சு அல்லது காவி வைத்து, மற்றதால் நாலைந்து தரம் இழுங்கள். முழுக்கக் கலந்துவிடாமல் பாதியில் நிறுத்துங்கள். அந்தப் பாதிக் கலப்பில்தான் வயல் இருக்கிறது.

நடவு முடிந்த வயல் என்றால் வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் தரையில் வானத்தை வையுங்கள்: சாம்பல், வெளிர் நீலம், மேகத்துக்கு வெள்ளை. தண்ணீர் என்பது கவிழ்ந்த வானம்தானே. மினுமினுப்பு வேண்டுமென்றால் மல்பெரிப் பட்டு இழை கொஞ்சம் பரப்பலாம். பட்டு தானாகப் பிடிக்காது, மேலே கண்ணுக்குத் தெரியாத அளவு கம்பளியைப் போட்டுக் குத்துங்கள். கடைசியில் பச்சையைச் சின்னச் சின்னக் கீற்றாக, வரிசையாக. கிட்டே இருப்பது பெரிது, தூரம் போகப் போகப் புள்ளி. வரப்புக்குக் காவியை விரலில் உருட்டித் திரியாக்கி வையுங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் பிய்த்து எடுங்கள். வெட்டிய முனை கோடாகத் தெரியும், பிய்த்த முனை கரைந்துவிடும்.

லண்டன்: இங்கே மெரினோ மட்டும் போதுமா?

உங்களுக்கு என்ன குறை? ஹெர்ட்விக் ஆட்டின் சாம்பல் கம்பளி முரடு. பாறைக்கும் கல்சுவருக்கும் அதைவிட நல்லது இல்லை. புல்வெளிக்கு ஷெட்லாண்ட் ஆட்டின் கம்பளி. எல்லாவற்றையும் மெரினோவில் செய்தால் எல்லாமே பஞ்சு மிட்டாய் மாதிரி வரும்.

யாழ்ப்பாணம்: வடலியும் பனையும் செய்து பார்த்தனான். ஓலை கூராக வருகுதில்லை. என்ன செய்யலாம் அக்கா?

கம்பளிக்குக் கூர்மை பிடிக்காது, பனைக்கு அதுதான் உயிர். கம்பளியை ஈரக் கையால் இறுக்கி உருட்டி மெல்லிய திரியாக்கி, ஓலையின் விசிறி மடிப்புகளை ஒவ்வொன்றாக 40ஆம் எண் ஊசியால் இறக்குங்கள். போதவில்லை என்றால் மேலே எம்ப்ராய்டரி நூலால் ஒரு தையல் போடுங்கள். அது ஏமாற்று இல்லை.

ஈரோடு: மஞ்சள், பீட்ரூட் வைத்து நாமே சாயம் போடலாமா?

போடலாம். ஆறு மாதம் கழித்து வெள்ளைக் கம்பளி திரும்பக் கிடைக்கும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, படிகாரம் போட்டாலும்தான். அவுரி நிற்கும், மஞ்சிட்டி நிற்கும்.

சென்னை: 8 வயது மகள் ஆசைப்படுகிறாள்.

ஊசி வேண்டாம். சோப்புத் தண்ணீரில் ஈர ஃபெல்ட் செய்யட்டும்.

சென்னை, இன்னொருவர்: செய்த படத்தைத் துவைக்கலாமா?

வேண்டாம்.

கோவை: இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த புது ஹாபி இல்லையா?

கையில் ஊசி எடுத்துக் குத்துவது புதிது. அந்த ஊசியே ஃபெல்ட் துணி அடிக்கும் ஆலை இயந்திரத்திலிருந்து வந்தது. ஆனால் ஃபெல்ட்டில் படம் செய்வது கிறிஸ்துவுக்கு முன்பே உண்டு. சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்துக் கல்லறைகள் பனியில் உறைந்து கிடந்தன. உள்ளே ஃபெல்ட் திரை, அதில் குதிரை வீரன், அப்புறம் ஃபெல்ட்டால் செய்த அன்னங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிர்கிஸ்தானின் ஷிர்டாக் விரிப்புக் கலையை 2012இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு தூரம் எதற்கு, காஷ்மீரின் நம்தா விரிப்பும் ஃபெல்ட்தான்.

சென்னை, மூன்றாமவர்: முழுக் கிராமக் காட்சி செய்ய ஆசை. மாட்டு வண்டி, கூரை வீடு, இடுப்பில் மண்குடத்தோடு ஒரு பெண். ஒரே படத்தில் எப்படி அடக்குவது?

வானம் முதலில், பிறகு தூரத்து மரம், வீடு, வண்டி, கடைசியில் பெண். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முகத்தில் கண் மூக்கு வைக்காதீர்கள், பொம்மை ஆகிவிடும். தலை சாய்ந்த விதமே போதும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இது எந்த ஊர்? இதே மூன்றும் காலண்டரில் இருக்கிறது, ஹோட்டல் சுவரில் இருக்கிறது, மிக்ஸர் பாக்கெட்டில்கூட இருக்கிறது. நீங்கள் கடைசியாகப் போன கிராமத்தில் குடம் என்ன நிறம்? பச்சையும் ஆரஞ்சும் பிளாஸ்டிக் இல்லையா?

புதுக்கோட்டை: பிளாஸ்டிக் குடத்தைச் சுவரில் மாட்டினால் யார் வாங்குவார்கள்?

விற்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் செய்ததில் எனக்கே பிடித்த படம் வைக்கோல் போரின் மேல் போர்த்திய நீலத் தார்ப்பாய். படம் முழுக்கக் காவியும் மங்கல் மஞ்சளும். நடுவில் அந்த ஒரே நீலம். அது இல்லையென்றால் படமே இல்லை.

பொள்ளாச்சி: எங்கள் பக்கம் இன்றும் ரேக்ளா ஓடுகிறது. மாட்டு வண்டி செத்துவிட்டது மாதிரிப் பேசுகிறீர்கள்.

அப்படியானால் ரேக்ளா செய்யுங்கள். நின்றுகொண்டு அசைபோடும் காலண்டர் மாடு வேண்டாம். புழுதி செய்து பாருங்கள். மூடுபனிக்கும் அதே முறைதான். கம்பளியை ஊதினால் பறக்கும் அளவுக்குப் பிரித்து, காலின் மேல் போட்டு, அங்கங்கே ஒரு குத்து. அடியில் இருப்பது தெரியவும் வேண்டும், மறையவும் வேண்டும். பெயிண்ட்டில் இது வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாமக்கல்: உல்லன் நூல் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

ஐயா சாமி.

தஞ்சாவூர்: அக்கா, வயல் கேட்டவன் நான்தான். பச்சை சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் வண்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயமில்லை. எங்கள் தாத்தா வண்டி ஓட்டியவர். வண்டியை விற்று 20 வருடம் ஆகிறது. பார்ப்பதை மட்டும்தான் செய்ய வேண்டும் என்றால் தாத்தாவை எப்படிச் செய்வது?

புதுக்கோட்டை: சரியான கேள்வி.

மதுரை: அக்கா கட்சிதான் நானும். என் பாட்டி நூறு நாள் வேலைக்குப் போகிறார். பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு. அதை யாரும் படமாகச் செய்ததில்லை.

மதுரைக்காரரே, நீங்கள் செய்யுங்கள். சட்டைக்கு ஆண்கள் சட்டைக் கட்டத்தைத் தனி இழையாகப் போடுங்கள். முடித்ததும் எனக்குக் காட்ட வேண்டும்.

தஞ்சாவூர்த் தம்பி, நீங்கள் சொன்னது உறைக்கிறது. நான் சண்டை போட்டது காலண்டர் வண்டியோடு. தாத்தாவின் வண்டி வேறு. அதில் அச்சாணிப் பக்கம் மசை வழிந்திருக்கும், நுகத்தடி ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், மாட்டில் ஒன்று கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கும். அதையெல்லாம் வீட்டில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு ஊசியை எடுங்கள். மசைக்கு அசல் கறுப்பு வேண்டாம், கரும்பழுப்போடு கருநீலம் கலந்தால் போதும். சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால்?

காஞ்சிபுரம்: அந்துப்பூச்சி வராமல் இருக்க பாச்சை உருண்டை போதுமா? கண்ணாடி போட்டு ஃப்ரேம் செய்யலாமா?

நல்லவேளை யாராவது கேட்டீர்களே. பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், ஆகவே இது விளையாட்டில்லை. புதிதாக வாங்கும் கம்பளியை பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு எடுங்கள். உருண்டையின் நெடி படுக்கையறையில் வேண்டாம். கண்ணாடி போடலாம், ஆனால் கம்பளியைத் தொடக் கூடாது. நடுவில் அரை சென்டிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். நேர் வெயில் படும் சுவரும் வேண்டாம்.

தஞ்சாவூர்: அப்பாவிடம் கேட்டேன் அக்கா. பன்னிரண்டு என்கிறார். சித்தப்பா பதினான்கு என்கிறார். ஃபோனிலேயே சண்டை.

பன்னிரண்டு என்றால் 38ஆம் எண் ஊசி போதும். பதினான்கு என்றால் 40 எடுங்கள், இடம் நெருக்கும். சண்டை முடியும்வரை வானத்தைக் குத்திக்கொண்டிருங்கள். ஊசியைச் சாய்க்காதீர்கள்.