கவாத்து நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: கம்பம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. அப்பாவால் இனி முடியாது, நான்தான் பார்க்க வேண்டும். எனக்கோ கோவையில் வேலை. எந்த மாதம் என்ன வேலை வரும்? பக்கத்துத் தோட்டத்தில் 2 வருடத்துக்கு 5 காய்ப்பு எடுக்கிறார்கள், நானும் எடுக்கலாமா?

பதில்: மாதத்தை விடுங்கள், கவாத்து செய்த, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். குளிர் விட்டதும் தானே துளிர்க்கும், வருடத்துக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிக் குளிர் ஏது? இங்கே கொடியை எழுப்புவது உங்கள் கத்தரிதான். வெட்டினால் சுமார் 120 நாளில் பழம்.

ஆகவே பழம் எப்போது வேண்டும் என்று முடிவு செய்து, பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரி நடுவில் வெட்டினால் மே நடுவில் பழம். ஜூன் முதல் வாரம் வெட்டினால் வடகிழக்குப் பருவமழை இறங்குமுன், அக்டோபர் தொடக்கத்தில் குலையை இறக்கிவிடலாம். செப்டம்பரில் வெட்டுவதுதான் வம்பு. பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால், இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை படியும் அடிச்சாம்பல் நோய் பூங்கொத்தையே கருக்கிவிடும். பக்கத்துக்காரர் தினமும் பந்தலுக்கடியில் நிற்பவர், மருந்தடிக்க வேண்டிய நாளைத் தவறவிடமாட்டார். வாரக் கடைசியில் வந்துபோகும் உங்களுக்கு இப்போதைக்கு வருடம் 2 காய்ப்பே போதும்.

கவாத்துக்கு ஒரு வாரம் முன் தண்ணீரை நிறுத்துங்கள். பன்னீருக்கு நல்ல கிளையில் 4 அல்லது 5 மொட்டு விட்டு வெட்ட வேண்டும், மெலிந்த கிளையில் ஒன்றிரண்டு போதும். வெட்டிய குப்பையைத் தோட்டத்தில் போட்டு வைக்காதீர்கள், நோய் அதில்தான் தங்கும். அப்புறம் பூஞ்சை நோய்க்கு ஒரு சதவீத போர்டோ கலவை: 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் டிரம்மில் கலக்குங்கள். இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

அடுத்து, பலர் கோட்டைவிடும் இடம். துளிர் நீண்டு வரும் 3, 4 வாரங்களில் பூங்கொத்து இல்லாத வீண் சிம்புகளைக் கிள்ளி, மற்றவற்றைப் பந்தல் கம்பியில் பரப்பிக் கட்ட வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் இந்தக் காய்ப்பில் பெரிதாகத் தெரியாது. ஆனால் அடுத்த காய்ப்புக்கான குலை இப்போதே மொட்டுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது, அதற்கு வெயில் வேண்டும். இன்று பந்தல் இருட்டாக இருந்தால் அடுத்த முறை வெறும் இலைதான் வரும். “உரம் கூடப் போட்டேன், காய்க்கவில்லை” என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். விடுப்பு எடுப்பதென்றால் அறுவடைக்கு எடுக்காதீர்கள், இதற்கு எடுங்கள். அறுவடைக்கு வியாபாரியே ஆள் கூட்டிவருவார்.

பூக்கும்போது வாரம் ஒருமுறையாவது இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பழம் வெட்டுவதற்கு ஒரு வாரம் முன் தண்ணீரை மறுபடி நிறுத்தினால் இனிப்பு ஏறும். நிறத்தை மட்டும் நம்பாமல், குலையின் நுனிப் பழத்தைத் தின்று பாருங்கள், கடைசியாக இனிப்பது அதுதான்.

பழம் வெட்டி முடித்ததும் தொழுவுரம் போட்டுக் கொடிக்கு ஒரு மாதமாவது ஓய்வு கொடுங்கள். சந்தேகம் வந்தால் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய் கண்ட இலையோடு நேரில் போங்கள்.